சின்ன போனா, மலிவு போனா? வாங்குவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

"விலை கம்மியா, கைக்கு அடக்கமா ஒரு போன் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்காத ஆளே இல்லை. நானும் அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். ரொம்பச் சாதாரணமான ஆசை மாதிரித் தெரிகிறது. ஆனால் தேடிப் பார்த்தால் விலை குறைந்த போன்கள் பெரும்பாலும் 6.6, 6.7 அங்குலத்தில் பலகை போல இருக்கின்றன, உள்ளங்கைக்குள் அடங்குகிறவையோ விலைப் பட்டியலின் மேல் பகுதியில் இருக்கின்றன. பொருள் சின்னதென்றால் விலையும் குறையும் என்று நினைப்பது இயல்பு. போனில் அது தலைகீழாக நடக்கிறது.

காரணம் எளிதுதான். பெரிய உடம்புக்குள் இடம் தாராளமாக இருக்கும். சர்க்யூட் போர்டை நெருக்கி அடுக்க வேண்டாம், தடிமனான பேட்டரியை அப்படியே வைக்கலாம், சூடும் பரவிப்போய்விடும். அதே பாகங்களைச் சின்ன உடம்புக்குள் திணிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வேலை கூடுகிறது. போதாததற்கு, சின்ன போனை வாங்குகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆப்பிள் 2020இல் ஐபோன் 12 மினியும் 2021இல் 13 மினியும் கொண்டுவந்தது, இரண்டுமே 5.4 அங்குலம். அடுத்த வருடம் 14 வரிசையில் மினி காணாமல் போய், அந்த இடத்துக்கு 6.7 அங்குல பிளஸ் வந்தது. ஏசுஸ் ஜென்ஃபோன் 10 (2023) 5.9 அங்குலம், அதற்கு அடுத்து வந்த 11 அல்ட்ரா 6.78 அங்குலம். 4.7 அங்குலத்தில் இருந்த ஐபோன் எஸ்இயின் இடத்துக்கு 2025இல் வந்த 16இ, 6.1 அங்குலம். இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வருகிறது.

அதனால் முதலில் ஒன்றை மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். "சின்னது" ஒரு சமரசம், "மலிவு" வேறொரு சமரசம். சின்னதாக வாங்கினால் நீங்கள் இழப்பது பேட்டரி, எழுத்தின் அளவு, சூட்டைத் தாங்கும் திறன். மலிவாக வாங்கினால் இழப்பது வேகம், கேமரா, எத்தனை வருடம் ஓடும் என்கிற ஆயுள். ஒரே போனில் இரண்டையும் கேட்டால் இரண்டு பக்கத்து இழப்பும் ஒன்றாக வந்து சேரும். எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்க உங்களால் முடியும் என்று தெரிந்துகொண்டு போனால் கடையில் குழப்பமே இருக்காது. கீழே நான் சொல்லும் வரிசையில் போங்கள். ஒரு வாரம் ஆகும், பரவாயில்லை.

முதல் படி: இப்போதிருக்கும் போனைக் கவனியுங்கள்

புது போனைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் பழைய போனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. செட்டிங்ஸுக்குப் போய் ஸ்டோரேஜ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்குத் திரையில் எத்தனை மணி நேரம் செலவாகிறது, எந்தெந்த ஆப்பில் செலவாகிறது என்பதையும் போனே சொல்லும்; ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி என்ன என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு வாரம், போன் உங்களை எரிச்சல்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள். "ஒரு கையில் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும் பட்டனைத் தொட முடியவில்லை", "மதியமே 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது", "கேமரா திறப்பதற்குள் குழந்தை ஓடிவிட்டது", இப்படி. நான் எழுதிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. போன் பெரிதாக இருப்பதுதான் என் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் இருந்த வரிகளில் பெரும்பாதி, போன் திணறுகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்பதாகவே இருந்தது. அந்த இரண்டும் அளவு சம்பந்தப்பட்ட குறைகளே இல்லை. பேட்டரியை மாற்றி, இடத்தைக் காலி செய்திருந்தால் அதே போனை இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருக்கலாம். புது போன் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வு, அதையும் பட்டியலில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: அங்குலத்தை மறந்துவிட்டு அகலத்தை அளங்கள்

திரையின் அளவை மூலைக்கு மூலை அளந்து சொல்கிறார்கள். இது நம்மை ஏமாற்றும் எண். பழைய போன்களின் திரை 16க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தது, இப்போது 20க்கு 9 வரைக்கும் நீண்டு ஒல்லியாகிவிட்டது. கணக்குப் போட்டால், பழைய விகிதத்தில் 5.5 அங்குலத் திரையின் அகலம் 68 மில்லிமீட்டருக்கும் சற்று மேலே வருகிறது. புது விகிதத்தில் 6.1 அங்குலத் திரையின் அகலம் 64 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. எண்ணில் பெரியது, கையில் சின்னது. "6 அங்குலத்துக்கு மேல் எனக்கு வேண்டாம்" என்று முன்பே முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள் நல்ல போன்களைத் தவறவிடுவது இதனால்தான்.

ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் இயக்க முடியுமா என்பதை முடிவு செய்வது போனின் மொத்த அகலமும் எடையும்தான். சில எண்களைப் பாருங்கள். ஐபோன் 13 மினியின் அகலம் 64.2 மில்லிமீட்டர், எடை 140 கிராம் அளவு. ஜென்ஃபோன் 10இன் அகலம் 68.1, எடை 172 கிராம். கேலக்ஸி எஸ்24 70.6, எடை 167 கிராம். விலை குறைந்த வரிசையில் இருக்கும் கேலக்ஸி ஏ16 77.9 மில்லிமீட்டர், எடை 200 கிராம் அளவு. 64க்கும் 78க்கும் இடையில் வெறும் 14 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் கட்டைவிரல் மறு ஓரத்தைத் தொடுவதும் தொடாததும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது. என் அனுபவத்தில் 70, 71 மில்லிமீட்டர் வரைக்கும் சாதாரணக் கை சமாளித்துவிடும், 75ஐத் தாண்டினால் இரண்டாவது கை வேண்டும். உங்கள் கை வேறாக இருக்கலாம், அதனால் அடுத்து நான் சொல்வதைச் செய்து பாருங்கள்.

தடிமனான அட்டை ஒன்றை எடுங்கள். நீங்கள் யோசிக்கும் போனின் நீளமும் அகலமும் தயாரிப்பாளரின் தளத்தில் மில்லிமீட்டரில் இருக்கும். அதே அளவுக்கு வெட்டி, இரண்டு மூன்று அட்டைகளை ஒட்டி, போனின் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். சட்டைப் பையில் போட்டுப் பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள், ஒரு கையில் பிடித்து மூலைகளைத் தொட்டுப் பாருங்கள், படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றும், ஆனால் கடையில் கம்பி கட்டி வைத்திருக்கும் போனைப் பத்து நொடி தொட்டுப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். பேக் கவர் போடுகிறவர் என்றால் இரு பக்கமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: சின்னத் திரையில் தமிழ் படித்துப் பாருங்கள்

சின்ன போன்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்கிறவர்களை வைத்து எழுதப்படுகின்றன. நமக்கு நிலைமை கொஞ்சம் வேறு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ணை, ஞௌ போன்ற எழுத்து ஒன்றே ஒரு வரியில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அகலம் குறைந்த திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் நிற்கும், ஒரு சின்னக் கட்டுரைக்கே விரல் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

தட்டச்சு இன்னும் முக்கியம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுகிறவர்களுக்கு வரிசைக்கு 10 விசைதான், சின்னத் திரையிலும் ஓட்டிவிடலாம். தமிழ் எழுத்துகளுக்கே தனித்தனி விசை உள்ள தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு 12 உயிர், 18 மெய், ஆய்தம் எல்லாம் விசைப்பலகையில் இடம் பிடிக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு விசையும் ஒடுங்கிவிடும். நான் தமிழ்99இல்தான் எழுதுகிறேன். மினி அளவுப் போனுக்கு மாறிய முதல் வாரம் ரகரத்துக்குப் பக்கத்து எழுத்து, தகரத்துக்குப் பக்கத்து எழுத்து என்று ஒரே பிழை. மூன்றாம் வாரத்தில் விரல் பழகியது, ஆனால் நீளமாக எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் போனைப் படுக்கவைத்து இரண்டு கையால்தான் அடிக்கிறேன். குரலில் சொல்லி எழுதவைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தெரிந்தவர் யாரிடமாவது அந்த அளவுப் போன் இருந்தால் பத்து நிமிடம் வாங்கி, எழுத்தளவை உங்களுக்கு ஏற்ற மாதிரி கூட்டிவைத்து, ஒரு நீளமான தமிழ்க் கட்டுரையைப் படியுங்கள், ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டி, கிட்டத்தில் இருப்பதைப் படிக்கக் கண் சிரமப்படுகிறவர்கள் இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் பெரிய, மலிவான போனே நல்லது என்பேன், அவர்களுக்கு எழுத்தளவுதான் எல்லாமே.

நான்காம் படி: பேட்டரிக் கணக்கு

சின்ன போனில் மனம் நொந்து போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நொந்துபோகிறார்கள், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திரை சின்னதானால் மின்சாரமும் குறைவாகத்தானே செலவாகும், அப்போது சின்னப் பேட்டரி போதுமே என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. 6.7 அங்குலத்திலிருந்து 5.4க்கு இறங்கினால் திரையின் பரப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பேட்டரியின் கொள்ளளவோ 5,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்பதிலிருந்து 2,400க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அதாவது பாதிக்கும் கீழே. அதோடு, சிக்னல் தேடுவது, ஜிபிஎஸ், கேமரா, பின்னணியில் ஓடும் ஆப்புகள் ஆகியவை திரை சின்னதாக இருக்கிறதே என்று குறைவாகத் தின்னப் போவதில்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் நாள் முழுக்க இருக்கிறவர்களுக்குச் சின்ன போன் மாலை வரைக்கும் தாங்குவது கஷ்டம்.

இதற்கு அடுத்ததுதான் பலரும் யோசிக்காதது. பேட்டரி முதுமையடைவது பெரும்பாலும் எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்பதைப் பொறுத்தது. ஐபோன் 14 வரைக்குமான போன்களின் பேட்டரி, 500 முழுச் சுற்று முடிந்த பிறகு 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. 15இலிருந்து அது 1,000 சுற்று. சரி, தினமும் ஒரு முழுச் சுற்று செலவாகும் சின்ன போனை எடுத்துக்கொள்வோம்: 500 சுற்று என்பது 17 மாதத்துக்குள் முடிந்துவிடும். அதே உபயோகத்துக்கு அரைச் சுற்று மட்டும் செலவழிக்கும் பெரிய போனில் அதே 500 சுற்றுக்கு 33 மாதம் ஆகும். ஆக, சின்ன போனின் பேட்டரி நாள் கணக்கிலும் குறைவாக நிற்கிறது, வருடக் கணக்கிலும் சீக்கிரம் கிழடாகிவிடுகிறது. ஏற்கெனவே சின்னதாக இருக்கும் பேட்டரியில் 20 சதவீதம் போய்விட்டால் அது உடனே தெரியும்.

அதற்காகச் சின்ன போனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே வைத்திருக்கிறேன், பிடித்தும் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் பேட்டரி மாற்றும் செலவு ஒன்று வரும் என்று முதல் நாளே விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன். மாற்றுவதற்கு எவ்வளவு ஆகும், அசல் பேட்டரி கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் நிற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, உதிரி பாகங்களையும் பல வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த விதிக்கு உட்பட்டு விற்கப்படும் மாடல் என்றால் அதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் முதல் படித் தாளை இப்போது எடுத்துப் பாருங்கள். திரை நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால், பகலில் பெரும்பாலும் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர் என்றால், சின்ன போன் உங்களுக்கு ஒத்துவரும். ஐந்து ஆறு மணி நேரம், அதிலும் வெளியில் அலைந்துகொண்டு, வழி காட்டச் சொல்லி, வீடியோ பார்த்துக்கொண்டு என்றால் பெரிய போனுக்கே போய்விடுங்கள். பவர் பேங்க் தூக்கிக்கொண்டு அலைந்தால் சின்ன போன் வாங்கியதன் பலனே போய்விடுகிறது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன உடம்பில் சூடு வெளியேற இடம் குறைவு, அதனால் நீளமாகக் கேம் விளையாடினாலோ வீடியோ எடுத்தாலோ சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் ஆடாதவர்கள் இதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: மலிவு போனில் எங்கே வெட்டியிருக்கிறார்கள்?

விலையைக் குறைத்தவர்கள் ஏதோ ஓர் இடத்தில் வெட்டியிருப்பார்கள். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, விவரக் குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

ஸ்டோரேஜ் எந்த வகை என்று பாருங்கள். எத்தனை ஜிபி என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்று பார்ப்பதில்லை. இஎம்எம்சி பழைய வகை, ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் புது வகை, இரண்டையும் சேர்த்துச் செய்யும். இஎம்எம்சி 5.1இன் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி அளவு, யுஎஃப்எஸ் 2.2 அதைப்போல மூன்று மடங்கு. இது நடைமுறையில் எப்படித் தெரியும் என்றால், பின்னணியில் ஆப்புகள் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேலரியைத் திறந்தால் போன் அப்படியே உறைந்து நிற்கும். முதல் மாதம் நன்றாக ஓடிய போன் எட்டாம் மாதம் திணறுவதற்கு ரேமைக் குறை சொல்கிறோம், பல நேரம் குற்றவாளி இந்த ஸ்டோரேஜ்தான், அதுவும் முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துவிட்டால் இன்னும் மோசம்.

64 ஜிபி போதுமா என்றால், இன்றைக்குப் போதாது. இயங்குதளமே அதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும், மீதியை வாட்ஸ்அப் படங்களே நிரப்பிவிடும். 128 ஜிபி, யுஎஃப்எஸ், 6 ஜிபி ரேம், இந்த மூன்றுக்கும் கீழே இறங்காதீர்கள் என்பது என் கருத்து. "4+4 ஜிபி ரேம்" என்று எழுதியிருந்தால் அசல் ரேம் 4 மட்டும்தான். இரண்டாவது 4, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, வேகத்தில் அசலுக்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்து அப்டேட். எனக்கு இது எல்லாவற்றையும்விட முக்கியம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி வேலை செய்வது ஆபத்து, இயங்குதளம் ரொம்பப் பழையதாகிவிட்டால் வங்கி ஆப்பே திறக்க மறுக்கும் நாளும் வரும். எத்தனை வருடம் அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்று அறிவித்தது, சாம்சங் 2024இல் எஸ்24க்கு அதே ஏழு வருடத்தைத் தந்தது. இதெல்லாம் விலை உயர்ந்த போனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன ஏ16க்கும் ஆறு வருடம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே விலையில் இரண்டு வருடம் மட்டும் தருகிற போன்களும் இருக்கின்றன, எதுவுமே சொல்லாதவையும் இருக்கின்றன. ஒன்றை நினைவில் வையுங்கள்: வருடக் கணக்கு பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. இரண்டு வருடம் முன்பு வந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த இரண்டு வருடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள். 50 மெகாபிக்சல் என்று எழுதியிருக்கும், உள்ளே நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். பக்கத்தில் இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்க), டெப்த் (தூரத்தை அளக்க) லென்ஸ்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர வேறு வேலை அநேகமாகக் கிடையாது. பார்க்க வேண்டியது ஓஐஎஸ் இருக்கிறதா என்பதை. அது கை நடுக்கத்தை லென்ஸே சமன்செய்யும் ஏற்பாடு, இரவில் எடுக்கும் படத்துக்கு அதுதான் உயிர். மலிவு போனில் பெரும்பாலும் இருக்காது. வெயிலில் எடுக்கும் படத்துக்கு எந்தப் போனும் பரவாயில்லை, வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் அசையும் குழந்தையை எடுக்கும்போதுதான் விலையின் வித்தியாசம் தெரியும்.

சத்தமில்லாமல் வெட்டப்படும் சில விஷயங்களும் உண்டு. திசைகாட்டி உணரி இல்லாவிட்டால் வரைபடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று அம்பு சரியாகக் காட்டாது. வைட்வைன் என்பது படங்களை நகலெடுக்கவிடாமல் காக்கும் பூட்டு; அதில் உயர்ந்த நிலையான எல்1 இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால், கட்டணம் கட்டிப் பார்க்கும் படங்கள் பல தளங்களில் மங்கலான தரத்தில்தான் ஓடும். என்எஃப்சி இல்லாவிட்டால் தொட்டுப் பணம் செலுத்த முடியாது. 6.7 அங்குலத்தில் 720 பிக்சல் அகலத் திரை என்றால் அங்குலத்துக்கு 260 புள்ளி அளவுதான் வரும், நுணுக்கமான தமிழ் எழுத்தின் சுழிகள் அதில் கூர்மையாக இருக்காது; 1080க்குப் போங்கள். இன்னொரு பக்கம், விலை உயர்ந்த போன்களில் காணாமல்போன இயர்போன் துளையும் மெமரி கார்டு இடமும் மலிவு போன்களில் இன்னும் இருக்கின்றன. அவை வேண்டுமென்கிறவர்களுக்கு அது உண்மையான லாபம்.

ஆறாம் படி: விலையை மாதத்தால் வகுத்துப் பாருங்கள்

இப்போது கையில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் விலையோடும் நடுவில் வரும் பேட்டரிச் செலவைக் கூட்டி, இன்னும் எத்தனை மாதம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற எண்ணால் வகுங்கள். ஒரு போன் இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு விலை, ஆனால் ஆறு வருடம் அப்டேட் இருக்கிறது. மற்றது பாதி விலை, இரண்டு வருடம்தான். மாதத்துக்கு என்று பார்த்தால் முதலாவதுதான் மலிவு, மூன்றில் இரண்டு பங்கு விலையில் முடிகிறது. இந்த ஒரு வகுத்தலால் என் நண்பர்கள் பலரின் முடிவு மாறியிருக்கிறது.

மொத்தமாகப் போட முடிகிற பணம் குறைவாக இருக்கலாம், அதுவும் நியாயமான காரணம்தான். அப்போதும் சின்ன போன் வேண்டுமென்றால் இரண்டு வழி. முதலாவது, போன வருடத்து உயர்வகை மாடல்களில் அகலம் 71 மில்லிமீட்டருக்குள் இருப்பது, புதுசு வந்ததும் அதன் விலை இறங்கும். ஏழு வருட அப்டேட் உள்ளது என்றால் ஒரு வருடம் கழிந்தாலும் ஆறு மீதம். இரண்டாவது, நல்ல நிலையில் இருக்கும் பழைய போன். உத்தரவாதத்தோடு புதுப்பித்து விற்கிறவர்களிடம் வாங்குவது, முகம் தெரியாதவரிடம் நேரில் வாங்குவதைவிடப் பாதுகாப்பு.

ஏழாம் படி: பழைய போன் என்றால் இவற்றைப் பாருங்கள்

நான் ஒருமுறை அவசரத்தில் வாங்கி மாட்டிக்கொண்டேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது, வீட்டுக்கு வந்து ரீசெட் செய்த பிறகுதான் முந்தையவரின் கணக்குப் பூட்டு கேட்டது, விற்றவர் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பு, விற்கிறவர் எதிரிலேயே இந்த வரிசையில் செய்யுங்கள்:

- டயல் பலகையில் *#06# அடியுங்கள். வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் போன் பட்டியலைச் சரிபார்க்கும் அரசுச் சேவை உங்கள் நாட்டில் இருந்தால் அதிலும் பாருங்கள்.
- செட்டிங்ஸில் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பாருங்கள். 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரியின் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.
- ஐபோன் என்றால் ஜெனரல், அபௌட் பகுதியில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது அசலா என்று காட்டும்.
- வெள்ளைப் படம் ஒன்றையும் கறுப்புப் படம் ஒன்றையும் முழுத் திரையில் வையுங்கள். ஓலெட் திரையில் பழைய பட்டன்களின் நிழல் படிந்திருந்தால் வெள்ளையில் தெரியும்.
- உங்கள் சிம்மைப் போட்டு ஒருவருக்குப் பேசுங்கள். அழைப்பில் இருக்கும்போதே காதில் வைத்தால் திரை அணைகிறதா, ஸ்பீக்கர் கேட்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.
- கடைசியாக, அவரே தன் கணக்கிலிருந்து வெளியேறி, முழு ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் போன் திறக்கும் வரைக்கும் இருக்க வேண்டும். "வீட்டுக்குப் போய்ச் செய்துக்கோங்க" என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

எட்டாம் படி: கையில் வந்த முதல் பத்து நாள்

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று பில்லைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்குள் போனை முழுதாக உழைக்கவிடுங்கள். முதல் இரண்டு நாள் பேட்டரியை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆப்புகள் இறங்கும், படங்கள் ஒத்திசையும், அதனால் சார்ஜ் வேகமாகக் கரையும். மூன்றாம் நாளிலிருந்து கவனியுங்கள், உங்கள் வழக்கமான நாள் ஒன்றின் மாலையில் எத்தனை சதவீதம் மீதம் என்று எழுதிவையுங்கள். புதுசாக இருக்கும்போதே 15க்குக் கீழே என்றால் ஒன்றரை வருடத்தில் அது தாங்காது, அவகாசம் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டால் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி போனில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் நாட்களில் அதைப் போட்டுவைத்தால் சின்னப் பேட்டரிக்கு ரொம்ப நல்லது, வெளியில் போகும் நாளில் மட்டும் முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். பழைய போனை இந்தப் பத்து நாளும் அழிக்காமல் வையுங்கள். வங்கி ஆப், இருபடிச் சரிபார்ப்பு ஆப், வாட்ஸ்அப் பேச்சுகள், எங்கோ ஒரு ஃபோல்டரில் கிடக்கும் குரல் பதிவுகள் எல்லாம் புதுசில் வந்து சேர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ரீசெட் செய்யுங்கள்.